பட்டாளத்துச் சாமியின் வெறுங்கை

ரங்கூனில், க்யிம்யிண்டைங் படித்துறைக்குப் பக்கத்தில், தூங்குமூஞ்சி மரத்து நிழலில், பட்டாளத்துச் சாமி நிற்கிறார். மேலே தகரக் கூரை, எதிரே ஆறு. சிமெண்டு உடம்பு. முகத்துக்கு ரோஸ் பெயிண்டு, மீசைக்குக் கறுப்பு, அரைக்கால் சட்டைக்குக் காக்கி. இரண்டு கைகளும் தலைக்கு மேலே தூக்கியிருக்கும். அந்தக் கைகளில் ஒரு மரத் துப்பாக்கியைச் செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எந்தப் பட்டாளத்துக்காரன் சண்டை போட்டான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சாமியிடம் கேட்பதற்கு எவ்வளவோ இருக்கும்போது இதையா கேட்பார்கள்?

கதை மட்டும் படித்துறைத் தமிழர் எல்லாருக்கும் மனப்பாடம். வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த துரை. பெரிய சண்டையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, இந்தத் துறையில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். ஒரு மாசி மாதம், மண்ணெண்ணெய் ஏற்றி வந்த படகு கரையை நெருங்கும்போது பற்றிக்கொண்டது. படகில் இருந்த ஒருத்தி தன் கைக்குழந்தையைக் கரையைப் பார்த்து வீசினாள். துரை ஓடி வந்து, துறை விளிம்பிலிருந்து எம்பி, அந்தரத்தில் குழந்தையைப் பிடித்தார். விழுந்தது ஆற்றில். ஆள் முழுகியும் கைகள் இரண்டும் குழந்தையோடு தண்ணீருக்கு மேலே நின்றனவாம். கரையில் இருந்தவர்கள் குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நொடி எரிகிற படகு வந்து துறையில் மோதியது. நடுவில் துரை.

அந்தக் குழந்தைதான் தனசேகரனின் அப்பா. அன்றைக்கு ஒரு சாண் தவறியிருந்தால் தனசேகரன் இல்லை, அவர் மகன் முரளிதரன் இல்லை, இதை எழுத எனக்கும் வேலை இல்லை.

ஆகவே அந்தச் சாமி இந்தக் குடும்பத்து ஆண்கள் மேல்தான் வரும். முதலில் அப்பா ஆடினார், அவருக்குப் பிறகு தனசேகரன். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உருமி அடித்தால் போதும், உள்ளங்கால் சுடும், காதுக்குள் ஆயிரம் பேர் கத்துகிற இரைச்சல் கேட்கும். கைகளை உயர்த்தி மூன்று தரம் எம்புவார். ஒரு வருஷம் பாதத்தில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் எம்பியிருக்கிறார். சாமி வந்தவனுக்கு உடம்பு வலி தெரியாது. அதுதான் சாமி வந்ததற்கு அடையாளம்.

இப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தொழில், படகு எஞ்சின் பழுதுபார்ப்பது. மூன்று வருஷத்துக்கு முன் சங்கிலி அறுந்து ஓர் எஞ்சின் வலது முழங்காலில் விழுந்தது. அதிலிருந்து நடை நொண்டல். அதிலிருந்தே சாமியும் வருவதில்லை. உருமி அடிக்கும், காது அமைதியாக இருக்கும், உள்ளங்கால் சில்லென்று இருக்கும். மனிதர் என்ன செய்வார்? வலி மாத்திரை இரண்டை முழுங்கிவிட்டு, கண்ணை உருட்டி, மூன்று சின்னக் குதி குதித்துச் சமாளித்தார். மூன்று வருஷமாக இதுதான் நடக்கிறது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தனசேகரனுக்குத்தான் ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

இந்த மாசியில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால், பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வார்டு அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். முரளிதரனின் பெயர் வந்தது.

முரளிக்கு இருபத்திரண்டு வயது. கியாக்டடாவில் ஒரு போன் கடையில் வேலை. சாயங்காலமானால் தாமுவேயில் ஒரு சின்னக் குழுவுக்குக் கோல் கீப்பர். பர்மிய மொழி அருவியாகக் கொட்டும். தமிழ் பேசும்போது மட்டும் கொஞ்சம் தேடுவான். சீட்டு வந்த அன்று வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய் நிற்க வேண்டும்.

படகோட்டி சர்ஃபராஸ், தனசேகரனோடு சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் மொஹிங்கா சாப்பிட்டவர், சேதி கேட்டதும் வந்தார். "கோ தனா, திங்கக்கெழம விடியக்காலம் நான் உப்பு ஏத்தக் கீழ போறேன். பையன என்கூட அனுப்பு. அங்கேருந்து எல்லை தாண்டி விட ஆளு இருக்கு. யோசிக்காதே."

தனசேகரன் பவானியைப் பார்த்தார். பவானி அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"சாமி கேக்குது. நான்தானே வாயக் குடுத்தேன்," என்றாள்.

அவள் சொன்னது பழைய சங்கதி. கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லாமல், 'எனக்கு ஒரு புள்ளையக் குடு, ஒம் பட்டாளத்துக்கே எழுதி வெக்கறேன்' என்று அந்த மரத்தடியில் வேண்டிக்கொண்டவள் அவள். இப்படி வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு வருஷா வருஷம் காக்கிச் சட்டை போட்டு, பீடத்தை மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுவருவார்கள். பன்னிரண்டு வயதில் 'மீட்பு' நடக்கும். சாமியாடி பிள்ளையைத் தூக்கிவந்து தாயின் முந்தானையில் போடுவார். அத்தோடு கடன் தீர்ந்தது. பிள்ளை பட்டாளத்திலிருந்து விடுதலை. முரளிக்குப் பன்னிரண்டு ஆன மாசியில் தனசேகரன் மோல்மீனில் ஒரு லாஞ்சைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷம் மறந்தே போனார்கள். பிள்ளை மீட்கப்படாமலே வளர்ந்து மீசையும் வைத்துவிட்டது.

"மீக்காத புள்ள. அதான் சீட்டுல பேரு வந்திருக்கு. இல்லேன்னா அத்தன பேருல இவன் பேரா வரணும்?" பவானியின் குரல் உடைந்தது. "திருநாள் அன்னிக்கி உத்தரவு கேப்போம். சாமி போன்னா போகட்டும், இருன்னா இருக்கட்டும்."

முரளி அப்பாவிடம் திரும்பினான். "நீ... நீ என்னாப்பா சொல்றே?"

அந்தப் பிள்ளையை எந்த வழியிலாவது ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்று தனசேகரனின் ஒவ்வொரு எலும்பும் சொல்லிற்று. ஆனால் போகிற வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? சாமிக் குத்தம் என்று ஒன்று இருந்துவிட்டால்? நாளைக்குப் பவானி முகத்தில் எப்படி விழிப்பது?

"சாமி சொல்லட்டும்பா," என்றார்.

சாமியே வராத சாமியாடி சொன்ன பதில் இது. கோழைத்தனத்துக்கு இதைவிட நல்ல சட்டை தைக்க முடியாது.

*

அந்த வாரம் அவருக்குக் கனவுகள் வந்தன. எல்லாம் பட்டப்பகல் கனவுகள். வெயில் ஏறியதும் பட்டறைக்குப் பின்னால் சாக்கு விரித்துக் கண் அயர்வது அவர் வழக்கம். ஆற்றுக் காற்று மேலே பட்டதும் இமை மூடும். மூடியதும் பச்சை.

அப்படி ஒரு பச்சை. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. தாமுவே மைதானம் போலச் சதுரமாக இல்லை, முட்டை வடிவத்தில் வளைந்து கிடந்தது. சுற்றிலும் தொப்பி வைத்த ஜனங்கள், ஆனால் சத்தமே இல்லை. அந்தக் கோடியில் வெள்ளைக் கம்பங்கள். தனசேகரன் எண்ணினார். நான்கு. குறுக்குக் கட்டை கிடையாது. வானத்தைப் பார்த்து நிற்கும் நான்கு கம்பங்கள். 'கோலுக்கு ரெண்டு கம்பந்தானே?' என்று கனவிலேயே மகனிடம் கேட்டார். முரளி பக்கத்தில் இல்லை.

இளைஞன் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். கையில்லாத பனியன், முழங்கால்வரை கால்சட்டை. முகம் தெரியவில்லை, ஓட்டம் மட்டும் தெரிந்தது. அப்படி ஓடுகிறவனுக்கு இந்த உலகத்தில் யாரிடமும் பகை இருக்க முடியாது என்று தனசேகரனுக்குப் பட்டது. ஓடி வந்தவன் தரையை ஒரு மிதி மிதித்தான், மேலே போனான், போய்க்கொண்டே இருந்தான். கைகள் இரண்டும் விரிந்து உயர்ந்தன. எதைப் பிடிக்கப் போகிறான் என்று அண்ணாந்து பார்ப்பதற்குள் ஏதாவது ஒரு படகு ஹாரன் அடித்து எழுப்பிவிடும்.

மூன்று நாள் இதே கனவு. மூன்று நாளும் அதே இடத்தில் ஹாரன். நான்காம் நாள் தனசேகரன் படகுக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். தான் எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்று பாவம் அவர்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை தங்கை புஷ்பாவின் சேதி வந்தது. புஷ்பா ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவதென்றால் கேட்கவே வேண்டாம். முரளிக்குச் சீட்டு விழுந்தது தெரிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தவள், திடீரென்று வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். சாமி பீடத்துக் கல்லில் 'இ. கோலெட், 1931' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அங்கே ஒரு நூலகத்துக்குப் போயிருக்கிறாள்.

"அண்ணே, நம்ம சாமி இந்த ஊருக்காரருண்ணே! நான் பஸ்ஸுல போற துறைமுகந்தான் அவரு பொறந்த எடம். எட்வின் கோலெட்டுன்னு முழுப் பேரு. பட்டாளத்துக்கு முன்னால என்னவா இருந்தாரு தெரியுமா? பந்து வெளையாட்டுக்காரருண்ணே. இங்க ஒரு மாதிரிப் பந்து ஆடுவாங்க, உருண்டப் பந்து இல்ல, ரெண்டு பக்கமும் கூம்புன பந்து. கையாலயும் புடிக்கலாம், காலாலயும் ஒதைக்கலாம். அடுத்தவன் முதுகு மேல ஏறிக்கூட அந்தரத்துல பந்தப் புடிப்பாங்க. அதுல இவரு பெரிய ஆளாம். எகிறிட்டா எறங்க மாட்டாருன்னு அப்பவே பேப்பர்ல எழுதியிருக்கான்."

அடுத்த பதிவில் அவள் குரல் தணிந்திருந்தது. ஏழு வருஷம் ஆடியிருக்கிறார். அப்புறம் சண்டை வந்தது. பதினெட்டுப் பேர் குழு. பதினோரு பேர் ஒரே நாளில் போய்ப் பெயர் கொடுத்தார்கள். இன்னொரு ஊருக்கு ஆட்டத்துக்குப் போகிற மாதிரி பாடிக்கொண்டு கப்பல் ஏறினார்களாம். திரும்பியது நான்கு பேர். இவர் தொடையில் குண்டோடும் சட்டையில் பதக்கத்தோடும் வந்தார். ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. அந்த மாதமே ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

"அவரு தங்கச்சிக்கி எழுதுன லெட்டரு ஒண்ண வெச்சிருக்காங்கண்ணே. படிக்கிறேன் கேளு." புஷ்பா நிறுத்தி நிறுத்தித் தமிழாக்கிச் சொன்னாள். "இங்கே என்னைத் துப்பாக்கி பிடிக்கச் சொல்வார் யாருமில்லை. பிடிப்பதற்கென்றே பழகிய கைகள் இவை. நாலு வருஷம் பிடிக்கக்கூடாத ஒன்றைப் பிடித்திருந்தன. சாயங்காலம் கூலிக்காரர்களின் பிள்ளைகளோடு கந்தல் பந்து விளையாடுகிறேன். கைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வருகிறது."

கடைசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழுப்பேறிய பழைய புகைப்படம். மீசைகூட இல்லாத ஓர் இளைஞன் அந்தரத்தில் நிற்கிறான். கைகள் தலைக்கு மேலே விரிந்திருக்கின்றன. விரல் நுனியில் கூம்பிய பந்து. பின்னால் நான்கு வெள்ளைக் கம்பங்கள்.

தனசேகரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. போனைப் பிடித்துக்கொண்டு சாமியின் எதிரில் போய் நின்றார். படத்தைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார். அதே கைகள். சிலையைச் செய்த கொத்தன் துரையைக் கண்ணால் பார்த்தவன்; பிள்ளையைப் பிடிக்க எம்பிய கைகளை அப்படியே வெறுங்கையாகத்தான் செய்திருக்கிறான். துப்பாக்கியைக் கட்டியவர் ராஜரத்தினம் என்றொரு கங்காணி. ஜப்பான் சண்டை முடிந்த பிறகு, வெறுங்கையோடு நிற்கிற பட்டாளத்துக்காரன் யாரைக் காப்பாற்றுவான் என்று சொல்லிக் கட்டினாராம். அப்பா இதைச் சொல்லித் தனசேகரன் கேட்டிருக்கிறார். ராஜரத்தினத்தையும் குறை சொல்ல முடியாது. குண்டு விழுந்த ஊரில் இருந்தவருக்குச் சாமியின் கையும் காலியாகத் தெரிந்தால் பயமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கம்பிக் கட்டுக்குப் பிறகுதானே காக்கிச் சட்டை வந்தது, பிள்ளையைப் பட்டாளத்துக்கு எழுதி வைக்கிற வேண்டுதலும் வந்தது.

எண்பது வருஷமாக, துப்பாக்கியை விட்டு ஓடி வந்த மனுஷனுக்குத் துப்பாக்கியைக் கட்டிக் கும்பிட்டிருக்கிறோம் என்று தனசேகரன் நினைத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் உருமி ஆரம்பித்தது. படித்துறையே கூடியிருந்தது. சுருட்டும் ரம்மும் படையலில் இருந்தன. தனசேகரன் காக்கி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றார். மாத்திரை இரண்டும் மடியில் இருந்தன. போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒருவேளை சாமி வந்துவிடும் என்று நம்பினாரோ என்னவோ.

உருமி உருண்டது. காது கூர்ந்து காத்திருந்தார். இரைச்சல் வரவில்லை. கண்ணை மூடினார். பச்சை வந்தது, ஒரு கணம், காற்றில் கரைந்தது. உள்ளங்கால் சில்லென்றே இருந்தது.

பவானி முரளியின் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்தினாள். உருமி நின்றது.

"சாமி, இவன் ஒனக்கு நேந்துக்கிட்ட புள்ள. மீக்காம உட்டுட்டோம். இப்ப ஓலை வந்திருக்கு. ஒனக்குன்னு வேணும்னா எடுத்துக்க. வேணாம்னா வாயத் தொறந்து சொல்லு."

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். முரளி தரையைப் பார்த்தான். தனசேகரன் மகனின் கைகளைப் பார்த்தார். பந்து பிடித்துப் பிடித்துக் காய்த்த கைகள். விரல் ஒன்று ஒரு தடவை பிசகி லேசாக வளைந்திருந்தது. அந்த வளைந்த விரலைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ அறுந்தது.

திரும்பிப் பீடத்தில் ஏறினார். செப்புக் கம்பியை முறுக்கி அவிழ்த்தார். எஞ்சின் பிரிக்கிற கைக்கு அது எம்மாத்திரம்? கூட்டத்தில் யாரோ "ஐயையோ" என்றார்கள். துப்பாக்கி கழன்று வந்தது. சாமியின் கைகள் வானத்தைப் பார்த்து வெறுமையாக நின்றன.

"இது என்னுது இல்ல," என்றார். குரல் அவருடைய குரலாகத்தான் இருந்தது. "நான் புடிச்சது புள்ளைய. துப்பாக்கியக் குடுத்தது நீங்க."

மரத் துப்பாக்கியை ஆற்றைப் பார்த்து எறிந்தார். அது மிதந்து, கட்டைகளோடும் ஆகாயத்தாமரையோடும் சேர்ந்துகொண்டு போனது.

அப்புறம் கீழே இறங்கினார். குனிந்து, மகனின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு கை, முதுகுக்குப் பின்னால் ஒரு கை கொடுத்துத் தூக்கினார். இருபத்திரண்டு வயது கோல் கீப்பரை, ஐம்பத்திரண்டு வயது நொண்டி. முரளி கூச்சத்தில் பர்மிய மொழியில் ஏதோ முனகினான். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பவானி நின்ற இடத்துக்கு எட்டு அடி. முதல் அடியிலேயே முழங்கால் கத்தியால் குத்துகிற மாதிரி வலித்தது. இரண்டாவது அடியில் கண் இருண்டது. இழுத்து இழுத்து நடந்தார். உதவிக்கு ஓடிவந்த சர்ஃபராஸை முழங்கையால் தள்ளினார். எட்டாவது அடியில் கால் மடங்கியது. பவானி முந்தானையை விரித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் ஒரு குவியலாக விழுந்தார்கள். பிள்ளையின் தலை தாயின் மடியில் இருந்தது.

"மீட்டாச்சு," என்று தனசேகரன் மூச்சு வாங்கச் சொன்னார். "போய் வரட்டும்."

உருமிக்காரன் எதை அடிப்பது என்று தெரியாமல் முழித்தான்.

*

திங்கட்கிழமை விடியலில் ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்தது. அக்கரை தெரியவில்லை. சர்ஃபராஸ் எஞ்சினைக் கிளப்பினார். முரளி ஒரு பையோடு படகின் பின்பக்கம் நின்றான். படகு துறையை விட்டு நகர்ந்த பிறகுதான் பவானி கையைப் பார்த்தாள். இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

"ஏங்க!" என்று அலறினாள்.

தனசேகரன் பொட்டலத்தை வாங்கி, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி வீசினார். அது பனிக்குள் உயர்ந்தது, ரொம்ப உயரமாக. முரளி பையைப் போட்டுவிட்டுப் படகின் விளிம்பில் எம்பினான். கைகள் இரண்டும் விரிந்து மேலே போயின. பிடித்துவிட்டான். பிடித்த கைகளை இறக்காமல் அப்படியே உயர்த்திக் காட்டினான். பனி மூடும்வரை அந்தக் கைகள் தெரிந்தன.

எஞ்சின் சத்தம் தேய்ந்து, ஆறு மறுபடி வெறும் ஆறானது. பவானி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தனசேகரன் துறைக் கட்டையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அது சோற்றுப்பானை மாதிரி வீங்கியிருந்தது.

"நேத்து மாத்திர போடலியா?" என்றாள் பவானி.

தனசேகரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்த மாத்திர?"

"மூணு வருஷமா வாங்கிட்டு வர்றதே நான்தான். திருநாளன்னிக்கி மட்டும் ரெண்டு கொறையும்." அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சாமி வந்தா ஒங்களுக்குக் கால் வலிக்காது. நேத்து எட்டு அடியும் நொண்டுனீங்க."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு என்கிட்ட உத்தரவு கேட்டே?"

"நேந்துக்கிட்டவ நான். நானே வாபஸ் வாங்க முடியுமா? நீங்களும் ஒரு வாரமா ஊமையா ஒக்காந்திருந்தீங்க. அப்பாவாத் தொறக்காத வாயி சாமியாவாச்சும் தொறக்குதான்னு பாத்தேன்."

"சாமி வரலியே, பவானி."

"வரலன்னா போகட்டும். சாமி தூக்கியிருந்தா அதுல என்ன இருக்கு?" அவள் குனிந்து அவருடைய முழங்காலைத் தன் மடியில் எடுத்து வைத்து நீவத் தொடங்கினாள். "நீங்கல்ல தூக்குனீங்க."